கூப்பிட்ட குரலுக்கு

அனைவரும் வருக என்று முடிகிற எந்த அறிவிப்பும் எனக்குள் ஒரு நெருடலை விட்டுவிட்டுப் போகிறது. கேரளத்து ஏலப்பாறைக் கடைவீதியில் அப்படி ஏதாவது ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகிற சாலையில் ஜீப்புகள் ஆளுக்காகக் காத்து நிற்க, கம்பத்தில் கட்டிய பிளக்ஸ் பனியில் நனைந்து தொய்ந்து கிடக்கும். மேலே பெரிதாக மலையாளம், கீழே சிறிய எழுத்தில் தமிழ். கோயில் திருவிழா, சங்க மாநாடு, கண் சிகிச்சை முகாம், கட்சிப் பொதுக்கூட்டம், எதுவானாலும் கடைசி வரி அதேதான். அதைப் படித்துவிட்டு "நம்மளக் கூப்பிட்டிருக்காங்க" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "கூட்டம் இருக்காம்" என்பார்கள். வேறு யாருக்கோ சொன்ன சேதியைத் தற்செயலாகக் கேட்டுவிட்டவர்கள் பேசுவதுபோல இருக்கும் அது. எல்லாரையும் கூப்பிடுகிற சொல் ஏன் ஒருவரையும் தொடாமல் போகிறது என்று யோசிக்கத் தொடங்கினால், கூட்டம் கூட்டுவதற்கென்று நம்மிடம் இருக்கிற சொற்கள் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு கணக்கை வைத்திருப்பது தெரிகிறது. கூப்பிடுகிறவர் எங்கே நிற்கிறார், கூப்பிடப்பட்டவர் எங்கே உட்கார வைக்கப்படுவார், வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு முடியுமா என்பதெல்லாம் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சொல்லில் முடிவாகிவிடுகிறது.

தேயிலை எஸ்டேட்டின் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. காதுகுத்தோ சடங்கோ கல்யாணமோ, வீட்டுக்காரியும் அவளுடைய நாத்தனாரோ மதினியோ ஒருத்தியுமாக இரண்டு பேர் கிளம்புவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் இருக்கும், சில வீடுகளில் கல்கண்டும் சேரும். வேலை விட்டு வந்து, கொழுந்துக் கறை ஏறிய விரல்களைத் தேய்த்துக் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு, வெளிச்சம் மங்குவதற்குள் ஒரு லயத்தையாவது முடித்துவிட வேண்டும். வாசலில் நின்று முதலில் முறை சொல்லிக் கூப்பிடுவாள். சின்னம்மா, மதினி, அத்தாச்சி. ரத்த உறவே இல்லாத வீட்டுக்கும் ஒரு முறை இருக்கும். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் தலைமுறைகளாகக் குடியிருந்ததில் உண்டான முறை அது. அதற்குப் பிறகுதான் சேதி. "வர்ற ஞாயித்துக்கிழம புள்ளைக்குச் சடங்கு வச்சிருக்கோம். சின்னையாவையும் கூட்டிக்கிட்டு, அடுப்பு பத்தவைக்காம வீட்டோட வந்துரணும்." உங்கள் வீட்டு அடுப்பின் பொறுப்பை அன்றைக்கு நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்ற உறுதி அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. "வந்துர்றோம்" என்ற பதில் வரும்வரை அவள் கால் நகராது. பெரியவர்கள் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு தரம் வர வேண்டும். "சின்னப் புள்ளைகிட்டச் சொல்லிட்டுப் போனா அது கூப்பிட்டதாகுமா?" என்ற ஒரு கேள்வி பல வருஷப் பகைக்குப் போதும். வெளியாளுக்கு இது வெறும் சம்பிரதாயம். ஆனால் எஸ்டேட்டின் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் நம்பராக எழுதப்படுகிற ஒரு மனுஷியிடம், பெயருக்கும் மேலான ஒரு முறையைச் சொல்லி, அவள் பதிலுக்காக ஒருத்தி வாசலில் காத்து நிற்கிறாள். அவள் நாளெல்லாம் கேட்கிற குரல்களில் அவளுடைய பதிலுக்காக நிற்கிற குரல் இது ஒன்றுதான்.

சாவுக்கு இந்த முறை கிடையாது. நல்லதுக்குக் கூப்பிடாமல் போகக் கூடாது, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பது எல்லாத் தமிழ் ஊர்களிலும் உள்ள விதி. இந்த விதியை நினைக்கும்போதெல்லாம் நம் முன்னோர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. துக்கத்தில் இருப்பவர் வாசல் வாசலாகப் போய் நிற்கக் கூடாது, அவருக்காக மற்றவர்கள்தான் எழுந்து வர வேண்டும் என்று யாரோ என்றோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் அதே முன்னோர்கள், கேதம் சொல்லிப் போகிற வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்த்தால் அந்த மரியாதை தடுமாறுகிறது. சமவெளியில், ஊர்க்காரர் வீட்டு இழவைப் பக்கத்து ஊர்களுக்கு நடந்துபோய்ச் சொல்லிவர வேண்டியவர்கள் சேரிக்காரர்கள். வெயிலானாலும் மழையானாலும் போக வேண்டும், சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் ஏறாமல் தள்ளி நின்று சொல்ல வேண்டும். ஏலப்பாறை இருக்கிற பீர்மேட்டு மலைகளுக்குத் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கம்பம் குமுளி வழியாகக் கங்காணிகள் கூட்டிவந்த ஆட்களில் பெரும்பகுதி அந்தச் சேரிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிற லயங்களில் ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்தால் சுவரைத் தாண்டி, அடுத்த சுவரையும் தாண்டிக் கேட்கும். எடுத்துச்சொல்ல ஆள் தேவையில்லை. ஊருக்கு இழவு சொல்லி அலைந்தவர்களின் வம்சம் இங்கே தன் இழவுக்குத் தானே கூடுகிறது. இதை விடுதலை என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை அவர்களை வேறொரு சத்தம் கூப்பிட்டுவிடும்.

அதற்குச் சங்கு என்று பெயர். தொழிற்சாலையிலிருந்து எழும்பி, பள்ளத்துக்கு இறங்கி, எதிர்மலையில் மோதித் திரும்பி வருகிற சத்தம். பனி கனமாக இருக்கிற காலையில் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாது, மலை முழுவதும் சேர்ந்து ஊதுவதுபோல இருக்கும். அதற்கு மனிதக் குரல் இல்லை, முறை இல்லை, என்ன விஷயம் என்று சொல்வதும் இல்லை. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கொழுந்துப் பையைத் தோளில் போட்டு, கத்திரியும் கையுமாக மஸ்டருக்கு, அதாவது பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, நடக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் இதைப் பிரட்டு என்கிறார்கள். அங்கே விடியலில் ஆட்களை எழுப்பித் திரட்டத் தப்பு அடித்தார்கள். மஸ்டரில் பெயர் கூப்பிட்டதும் ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் கூலி இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மலைகளில் மிகத் தவறாமல் ஆட்களைக் கூட்டிய அழைப்பு இதுதான். இதைவிட ஒழுங்காக எந்தக் கோயில் திருவிழாவும் எந்தச் சங்கமும் ஆட்களைக் கூட்டியது கிடையாது. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தினமும் இத்தனை பேர் சேர்ந்தார்கள். ஆனாலும் அதைக் கூட்டம் என்று இங்கே ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கூட்டம் என்றால் கூடியவர்களுக்கு வாய் திறக்க ஓர் இடம் இருக்க வேண்டும். மஸ்டரில் வாய் திறப்பது பெயருக்குப் பதில் சொல்லத்தான்.

அந்தத் தப்பை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. பறை, தப்பு, தமுக்கு, முரசு என்று எத்தனையோ பெயரில் தோலும் கட்டையும் நம் ஊர்களைக் கூட்டியிருக்கின்றன. மணிமேகலையின் முதல் காதையே ஓர் அழைப்புதான். வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, இந்திர விழா வருகிறது என்று புகார் நகரத்துக்கு அறிவிக்கிறார்கள். தெருவில் புதுமணல் பரப்புங்கள், மணல் பரப்பிய பந்தலில் அமர்ந்து நல்லுரை கேளுங்கள் என்பதோடு, பகையாளியை எதிரே கண்டாலும் சினமும் சண்டையும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்றும் அந்த அறிவிப்பு சொல்கிறது. கூடுவதற்கு முன்பே, கூடினால் என்ன ஆபத்து என்பதையும் யோசித்துவிட்ட அழைப்பு. அந்த அக்கறை பெரிது. ஆனால் காலம் போகப்போக, முரசை அறைகிற கைக்கு விழாப் பந்தலில் இடமில்லாமல் போனது. தண்டோரா போட்டு ஊரையே கூட்டிய ஆள், கூட்டம் தொடங்கியதும் ஆலமரத்துக்கு அப்பால் ஒதுங்கி நின்றான். 2022 ஆகஸ்டில், அப்போது தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும், ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்ல முடிவு, மிகத் தாமதமாக வந்த முடிவு. எனக்கு அதில் உறைப்பது வேறொன்று. ஊரைக் கூப்பிடும் தொழில் இத்தனை காலம் இழிவாக இருந்ததற்குக் காரணம் அந்த மேளத்தின் ஓசையில் இல்லை. கூப்பிட்டவனைக் கூட்டத்துக்குள் சேர்க்காத ஊரில் இருந்தது. மலையகத்துத் துரைமார்கள் தப்பை விடியல் மணியாக ஆக்கிக்கொண்டபோது, பிறரைக் கூப்பிடப் பழக்கப்பட்ட சாதியின் கருவியாலேயே அந்தச் சாதியை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

பிறகு தொழிற்சங்கங்கள் வந்தன. அவை கொண்டுவந்த சொற்களுக்கு நான் கடன்பட்டவன், அதை ஒளிக்க மாட்டேன். தோழர்களே என்று ஒரு மேடையிலிருந்து முதல்முறையாகக் கேட்டவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். டேய் என்றும் ஏய் என்றும் கேட்டுப் பழகிய காதில் விழுந்த அந்த 'ஏ'காரம், ஒரு தலைமுறையின் முதுகை நிமிர்த்தியிருக்கிறது. கூலி உயர்வு, பேறுகாலச் சம்பளம், லயத்துக்குக் கூரை எல்லாம் அந்தச் சொல்லின் பின்னே வந்தவைதான். இன்று சங்கத்தின் ஜீப் மைக் கட்டிக்கொண்டு கோழிக்கானம் பக்கமோ ஹெலிபிரியா பக்கமோ வளைவுகளில் ஏறும்போது அறிவிப்பு மலையாளத்தில் தொடங்குகிறது. "பிரியப்பெட்ட நாட்டுகாரே." ஜீப் திரும்பும்போது சத்தம் பாறையின் மறுபக்கம் போய்விடும், அடுத்த வளைவில் பாதி வாக்கியத்தோடு திரும்ப வரும். சில சமயம் தமிழ் அந்த மறுபக்கத்திலேயே முடிந்துபோயிருக்கும். நாட்டுகாரே என்ற அந்த விளி அன்பானது, வஞ்சகம் இல்லாதது. ஆனாலும் நிரையில் நின்று கொழுந்து கிள்ளும் பெண் அதைக் கேட்கிறபோது, அது தன்னையும் சேர்த்ததா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. இங்கே பாண்டிக்காரி, சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்குப் போனால் மலைக்காரி. 1954இல் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது இந்த இரண்டும் கேரளத்தில் நின்றன. கோடு எங்கே விழுந்தாலும், கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, நாட்டுக்காரர் என்ற சொல்லுக்குள் அவளை ஐயமில்லாமல் உட்கார வைக்க ஒருவரும் முயன்றதில்லை. மேடையில் நாற்காலிகள் போடப்படும், அவள் பாயில் உட்காருவாள், கை தட்டுவாள், எண்ணிக்கையில் சேருவாள். "நூறு ஆள் கூட்டிட்டு வந்தேன்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார். கூட்டுதல் என்ற வினைக்கு அவள் செயப்படுபொருளாகவே இருந்துவிட்டாள்.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை இந்த இடத்தில் வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனி முந்தைய வருஷம் 20 சதவீதமாக இருந்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. சங்கு ஊதவில்லை, ஜீப் ஓடவில்லை, துண்டறிக்கை அடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், வாய்ச்சொல்லிலேயே ஒருத்திக்கு ஒருத்தி சேதி கடத்தி, மூணாறு நகரத்துக்கு இறங்கிவந்து சாலையில் உட்கார்ந்தார்கள். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். வேலை செய்வது நாங்கள், கொள்ளையடிப்பது நீங்கள் என்ற பொருளில் அவர்களுடைய முழக்கம் கம்பெனியையும் சங்கங்களையும் ஒருசேரக் கேட்டது. பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இலக்கணத் தமிழிலும் சேராது, அச்சு மலையாளத்திலும் சேராது, லயத்தில் பேசுகிற வார்த்தை. ஒன்பது நாளில் 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. அதையொட்டிச் சங்கங்களும் மாநிலம் முழுக்கத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தில் இறங்க, அக்டோபரில் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. ஏலப்பாறைப் பக்கத்துச் செக்ரோலிலும் அந்த உயர்வு ஏறியது. போராட்டத்தில் முன்நின்ற கோமதி, லிசி சன்னி, இந்திராணி ஆகியோரின் பெயர்கள் பத்திரிகைகளில் வந்தன. பிறகு அந்த அமைப்பு பிளந்ததும் தேய்ந்ததும் எனக்குத் தெரியும். அதை வைத்து அந்த ஒன்பது நாளைக் குறைத்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்று முறை சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள்தான் அந்தக் கூட்டத்தைக் கூட்டினார்கள். கூப்பிட்டவள் வெயிலில் முதல் வரிசையில் இருந்தாள். அவளுக்குத் தனி நாற்காலி இல்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறபோது வாசல் அழைப்பைப் புனிதமாக்கிவிடுகிறேனோ என்ற சந்தேகம் என்னை மறிக்கிறது. மறிக்கத்தான் வேண்டும். வாசலுக்கு வந்து கூப்பிடுகிற அதே கால்கள், வேண்டுமென்றே ஒரு வாசலை விட்டுவிட்டு அடுத்த வாசலுக்கும் போகும். கலப்புக் கல்யாணம் செய்த வீடு, வரி கொடுக்காத வீடு, பஞ்சாயத்துத் தீர்ப்புக்குக் கட்டுப்படாத வீடு எல்லாம் தாண்டப்படும். ஒதுக்கிவைப்பதற்கு நம் ஊர்கள் தனியாகச் சட்டம் எழுதவில்லை, கூப்பிடாமல் விட்டன, அவ்வளவுதான். கோயில் கூட்டத்துக்குத் தலைக்கட்டுக்கு ஓர் ஆண் என்று கணக்கு வைத்த இடத்தில், ஆண் துணை இல்லாத வீட்டுக்காரியை யாரும் கூப்பிட்டதில்லை, அவளிடம் வரியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்தத் திசையிலிருந்து பார்த்தால் மின்கம்பத்துப் பிளக்ஸுக்கு ஒரு நேர்மை இருக்கிறது. அது யார் சாதியையும் கேட்பதில்லை. கிராமசபைக்கும் அந்த நேர்மை உண்டு. 1994ஆம் வருஷத்துக் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அந்த வார்டின் கிராமசபையில் அவர் உறுப்பினர். பத்தில் ஒரு பங்கு வாக்காளர் வந்தால்தான் அவை கூடியதாக ஆகும். பாலக்காட்டு அட்டப்பாடியில் ஆதிவாசிகள் மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டு கூடுகிற ஊர்க்கூட்டத்தையும் அரசு இன்று அதே பெயரில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் குரல் எல்லா வாசலுக்கும் பொது. குறை எங்கே இருக்கிறதென்றால், அந்தக் குரல் வாசல்வரை வருவதில்லை. வேலை நாளில், வேலை நேரத்தில், மலையாள நோட்டீஸில், அலுவலகச் சுவரோடு நின்றுவிடுகிறது. தமிழிலும் கன்னடத்திலும் அரசோடு எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சிறுபான்மையினருக்கு இடம் கொடுக்கிறது. அந்த உரிமையைக் கேட்டு வாங்க ஒரு கூட்டம் தேவை. அந்தக் கூட்டத்தைக் கூட்டவே அந்த உரிமை தேவை.

2000ஆம் வருஷம் பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, சீந்தலாறு பக்கத்தில் சங்கு நின்றது. நூற்றாண்டு ஊதிய சத்தம் நின்றால் நிம்மதியாக இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். வெறுத்த அழைப்பானாலும், கூப்பிட இனி ஆளில்லை என்பது கூப்பிடப்பட்டவரை அனாதையாக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ் 2022இல் வெளியிட்ட ஆங்கில நூல் அந்தச் சரிவைப் பற்றியதுதான். தோட்டம் இருந்தவரை தொழிலாளி என்ற பெயராவது இருந்தது, அது போனதும் வெளியூர்களில் கூலிக்குப் போகிறவர்களைச் சாதியின் பெயர் மறுபடி வந்து பிடித்துக்கொண்டது என்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். பூட்டிய தோட்டத்தில் மிஞ்சியவர்கள் செடிகளைப் பங்கு பிரித்துக்கொண்டு, தாங்களே கொழுந்து எடுத்து விற்றார்கள். காலையில் சங்குக்குப் பதில், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி "மதினி, போவமா?" என்றாள். இருபது வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவில், மூணாறு பக்கம் ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், பலரும் கயத்தாறு பக்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மின்சாரம் இல்லை, செல்போன் எட்டவில்லை, பெரியவாரைப் பாலம் வெள்ளத்தில் போயிருந்தது. மறுநாள் காலையில்தான் வெளியே சேதி தெரிந்தது. தினமும் விடியலில் அவர்களைத் தவறாமல் கூப்பிட வழி வைத்திருந்த ஏற்பாட்டில், அவர்கள் திருப்பிக் கூப்பிட ஒரு வழியும் இருக்கவில்லை. இந்த மலைகளில் தோட்டத்தின் அழைப்பு எப்போதும் மேலிருந்து கீழே ஒரே திசையில்தான் ஓடியிருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி தேவையில்லை.

இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. வாட்ஸாப் குழுவில் காதுகுத்துப் பத்திரிகை படமாக வருகிறது, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். சங்கக் கூட்டமும் கிராமசபையும் அதில்தான் வருகின்றன. இதை நான் பழிக்கவில்லை. பெட்டிமுடி இரவுக்குப் பிறகு யாரால் பழிக்க முடியும்? எட்டுவது முதல் தேவை. ஆனால் எட்டியதும் அழைப்பு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் என் மனம் ஒப்பவில்லை. இத்தனை சொற்களையும் புரட்டிப் பார்த்த பிறகு ஓர் அழைப்பை எடைபோட எனக்கு மூன்று கேள்விகள் மிஞ்சுகின்றன. வரவில்லை என்று சொன்னால் கூலியோ மரியாதையோ போகாமல் இருக்குமா? வந்தால் பேச முடியுமா? கூப்பிட்டவர் நம்மோடு தரையில் உட்காருவாரா? சங்கு முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்து இரண்டாவதில் விழுகிறது. மேடைகள் பெரும்பாலும் மூன்றாவதில் விழுகின்றன. மூன்றையும் தாண்டிய அழைப்பு அபூர்வம். தாண்டியபோதெல்லாம் பிளக்ஸ் இல்லாமலே சாலை நிறைந்திருக்கிறது.

கூட்டம் கூட்டுகிற பொறுப்பில் இருக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அனைவரும் வருக என்று எழுதுங்கள், அந்த வரி தேவை, யாரையும் விட்டுவிடாமல் இருக்க அது தேவை. எழுதிவிட்டு லயத்துக்கு ஏறுங்கள். தமிழ் பேசுகிற வாசலில் தமிழில் சொல்லுங்கள். போன தடவை எந்த வாசலைத் தாண்டிப் போனீர்களோ அங்கே முதலில் நில்லுங்கள். என்ன விஷயம் என்று சொல்லுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள், வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தன்று மைக்கை முதலில் அவளிடம் கொடுங்கள். அவள் பேசி முடித்த பிறகு உங்கள் அறிக்கையை வாசிக்கலாம்.